காருக்குள் இரைச்சலா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கேள்வி: ஹேட்ச்பேக் கார். உள்ளே சத்தம் தாங்கவில்லை. தகரத்தின் அதிர்வை அடக்க ஒட்டும் டேம்பிங் ஷீட் எத்தனை வாங்கட்டும்?

ஷீட் கணக்கு அப்புறம். முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சொரசொரப்பான ரோட்டில் ஹோவென்று இரைந்து, வழவழப்பான தாருக்கு ஏறியதும் சட்டென்று அடங்கினால் அது டயர். 80 கி.மீ. தாண்டிய பிறகு கண்ணாடியோரம் சீறினால் காற்று. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் அதே உறுமல் என்றால் எஞ்சின். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. காற்றுச் சத்தத்துக்குத் தரையில் ஷீட் ஒட்டுவது பணத்துக்குப் பிடித்த கேடு.

கேள்வி: டேம்பிங் ஷீட், ஃபோம், வினைல் மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. டேம்பிங் ஷீட் என்பது பசைபோன்ற பியூட்டைல் ரப்பர், அதன் மேல் அலுமினியத் தகடு. கதவுத் தகரம் அதிரும்போது தகரத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் இழுபட்டு, அந்த அதிர்வைச் சூடாக மாற்றிக் கரைத்துவிடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. காற்றில் வரும் சத்தத்தை அது பெரிதாகத் தடுக்காது. தடுக்க எடை வேண்டும், அதற்குத்தான் சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில் வரும் கனமான வினைல். அந்த வினைலைத் தகரத்தில் நேராக ஒட்டக் கூடாது, நடுவில் தண்ணீர் குடிக்காத ஃபோம் கொடுத்துத் தனியாக நிற்க விட வேண்டும். சந்து விடாமல் மூடவும் வேண்டும். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்து கிடந்தாலும், மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுபடாது. கதவில் இதையெல்லாம் செய்யும்போது கீழே இருக்கும், தண்ணீர் வடியும் ஓட்டையை அடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: தகரம் தெரியாமல் முழுசாக ஒட்டினால்தான் பலன் என்று கடையில் சொன்னார்கள்.

ஷீட் விற்பவர் வேறென்ன சொல்வார்? அகலமான தகரத்தின் நடுவில் கால்வாசி ஒட்டினாலே பெரும்பாலான அதிர்வு போய்விடும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்பது ‘தொப்’ என்று மாறினால் போதும், அடுத்த இடத்துக்குப் போகலாம். ஒட்டும் முன் ஐசோபுரொபைல் ஆல்கஹால் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள், பிறகு அலுமினியத்தில் இருக்கும் புடைப்பு தட்டையாகும் வரை ரோலரால் அழுத்துங்கள்.

கேள்வி: நான் முழுசாக ஒட்டினேன், கதவைச் சாத்தினாலே பெரிய காரின் கதவுபோல் ‘தம்’ என்கிறது. கால்வாசி போதும் என்பது ஏட்டுச் சுரைக்காய்.

கதவைச் சாத்தும் சத்தம் மாறியதை நான் மறுக்கவே இல்லை. நீங்கள் காரைச் சாத்திக்கொண்டே இருக்கப் போகிறீர்களா, ஓட்டப் போகிறீர்களா?

கேள்வி: கிண்டல் வேண்டாம். ஷீட்டுக்கும் எடை இருக்கிறது, எடை சத்தத்தைத் தடுக்கும் என்று நீங்களே சொன்னீர்கள்.

சரி, நியாயமான கேள்வி. தடுப்பின் எடையை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 6 டெசிபல் கிடைக்கும், அதுவும் ஓட்டை உடைசல் இல்லாத சுவரில். உங்கள் கதவில் கண்ணாடி இருக்கிறது, ரப்பர் பீடிங் இருக்கிறது, உள்பக்கத் தகரத்தில் கை நுழையும் அளவுக்குத் திறப்புகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு வெளித் தகரத்தில் மட்டும் எடை ஏற்றினால் சத்தம் பக்கத்து வழியில் வரும். கால்வாசியில் மிச்சமாகும் காசைப் பீடிங்கிலும் வினைலிலும் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். முழுசாக ஒட்டினால் கெடுதல் இல்லை, கதவு கனக்கும், அவ்வளவுதான். தண்ணீர் ஓட்டை திறந்திருக்கிறதா?

கேள்வி: (அதே நண்பர்) ஒன்று மூடித்தான் இருந்தது. கத்தியால் வெட்டிவிட்டேன்.

இதற்காகவாவது சண்டை போட்டோமே.

கேள்வி: வீட்டில் மெத்தை ஃபோம் மிச்சம் இருக்கிறது, பானெட்டுக்கு அடியில் ஒட்டலாமா?

கூடாது. தீப்பிடிக்கும்.

கேள்வி: காரின் அடியில் அடிக்கும் கருப்புக் கோட்டிங் சத்தத்தைக் குறைக்குமா?

துருப் பிடிக்காமல் இருக்க நல்லது. சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் வீல் ஆர்ச்சில் கல் தெறிக்கும் சத்தம் கொஞ்சம் மழுங்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: எல்லாம் செய்தும் போன் ஆப்பில் 2 டெசிபல்தான் குறைந்தது. ஏமாந்துவிட்டேனா?

ஆப் பெரும்பாலும் காதின் உணர்வுக்கு ஏற்றபடி ‘கும்’ என்ற தாழ்ந்த ஒலியைக் கழித்துவிட்டுத்தான் எண் காட்டும். ஷீட் அடக்குவதோ பெரும்பாலும் அந்த ‘கும்’மைத்தான். அதே ரோடு, அதே வேகம், அதே டயர் காற்று என்று வைத்து அளந்தீர்களா? பாதியாகக் குறைந்ததுபோல் காதுக்குத் தோன்றவே சுமார் 10 டெசிபல் இறங்க வேண்டும். அது கையால் ஒட்டி எளிதில் வருவதில்லை.

கேள்வி: செடான் கார், எத்தனை ஷீட்?

முதல் பதில்.

கேள்வி: கூரையிலும் தூண்களிலும் ஒட்டலாமா?

கூரைத் தகரத்தில் ஒட்டலாம். ஓரங்களிலும் தூண்களிலும் மோதும்போது ஜன்னலோரம் திரைபோல் விரியும் கர்ட்டன் ஏர்பேக் இருக்கலாம், அது விரியும் வழியில் எதையும் திணிக்காதீர்கள். மஞ்சள் ஒயரைக் கண்டால் அது ஏர்பேக்குடையதாக இருக்கும், கையை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எஸ்யூவிக்கு எத்தனை ஷீட்?

மேலே படியுங்கள் ஐயா.

கேள்வி: ஊ... என்ற சத்தம் வேகத்தோடு ஏறுகிறது, வளைவில் இடப்பக்கம் திரும்பினால் குறைகிறது. டயர் சத்தம்தானே?

வீல் பேரிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். ஷீட்டை ஓரமாக வையுங்கள், இன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.