முதல் முகத்தை யாரைப் பார்த்து வரைவது? எண்ணெய் ஓவியக் கேள்வி பதில்

பழைய ஓவியங்களை நகலெடுத்து ஆயில் பெயிண்டில் முகம் வரையப் பழகுவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

டச்சு ஓவியர் வெர்மீரின் "முத்துத் தோடு அணிந்த பெண்" ஓவியம்தான் என் ஆசை. முதல் படமாக எடுக்கலாமா?

வேண்டாம். பார்க்க எளிமையாக இருக்கும், ஆனால் அந்த மூக்குத்தண்டு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஒரு கோடுகூடக் கிடையாது, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைகிறது. அதைப் பிடிக்க நல்ல கைப்பழக்கம் வேண்டும். இன்னொன்று, நீங்கள் பார்க்கும் கறுப்புப் பின்னணி அவர் 1665 வாக்கில் தீட்டியதே இல்லை. அங்கே பச்சைத் திரை ஒன்று இருந்தது, நிறமிகள் மங்கிப் போய்விட்டன. பழைய படம் எதுவானாலும் காலம் செய்த மாற்றத்தையும் சேர்த்துத்தான் நகலெடுக்கிறோம். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1650-இல் வரைந்த, அவருடைய உதவியாளர் ஹுவான் தெ பரேஹாவின் முகம் முதலுக்கு நல்லது: ஒளி ஒரு பக்கம், நிறங்கள் குறைவு, நிழல் எங்கே என்று தெளிவாகத் தெரியும். முழுப் படமும் வேண்டாம், தலையும் கழுத்துப்பட்டையும் போதும்.

கட்டம் போட்டு வரைவது ஏமாற்று வேலைதானே?

இல்லை. இங்கே பழக வந்தது வண்ணம். கண் அரை விரல் தள்ளிப் போனால் அதற்கு மேல் எத்தனை அழகாகப் பூசினாலும் வேறு ஆள்தான் வருவார்.

என்ன செய்தாலும் தோல் நிறம் சேறாகிவிடுகிறது. எந்த டியூப் வாங்கலாம்?

இதைத்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். புது டியூப் எதுவும் வாங்க வேண்டாம், பெரும்பாலும் சிக்கல் நிறத்தில் இல்லை, வெளிச்ச அளவில்தான். முதலில் பழுப்பு அம்பரை மட்டும் மெல்லிசாகப் பூசி, துணியால் துடைத்து வெளிச்சம் எடுத்து, முகம் முழுவதையும் ஒற்றை நிறத்தில் முடியுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மூலமும் உங்களுடையதும் ஒன்றுபோல இருக்க வேண்டும், அதுவரை வண்ணத்தைத் தொடாதீர்கள். அப்புறம் சுவீடன் ஓவியர் ஆந்தெர்ஸ் சோர்ன் பெயரால் சொல்லப்படும் நாலு நிறம் போதும்: வெள்ளை, மஞ்சள் ஓக்கர், வெர்மிலியன் (இல்லையென்றால் காட்மியம் சிவப்பு), ஐவரி கறுப்பு. நீலம் இல்லையே என்று பயப்படாதீர்கள், இளஞ்சூடான தோலுக்குப் பக்கத்தில் வைத்தால் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலே நீலமாகத் தெரியும். ஒவ்வொரு பகுதிக்கும் நிறத்தைப் பேலட்டிலேயே கலந்து வைத்து, கேன்வாஸில் ஒரு தீட்டு வைத்தால் கையை எடுத்துவிடுங்கள். ஈரத்தின் மேல் தேய்த்துக்கொண்டே இருந்தால் சேறுதான். டைட்டானியம் வெள்ளையைக் கொஞ்சமாகச் சேருங்கள், வெலாஸ்கெஸ் பயன்படுத்திய ஈய வெள்ளையைவிட அது மற்ற நிறங்களை விழுங்கிவிடும். (ஈய வெள்ளை நச்சு, பழகுபவர்களுக்குத் தேவையில்லை.)

மேல் அடுக்கு வெடிக்காமல் இருக்க?

எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் அடியில் எண்ணெய் குறைவாக, மேலே போகப் போகக் கூடுதலாக. இதை மாற்றினால் மேல் அடுக்கு முந்திக் காய்ந்து, அடியடுக்கு அசையும்போது விரிசல் விடும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் குவித்துப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும்.

போனில் படத்தை வைத்து வரையலாமா?

நியூயார்க் மெட்ரோபாலிட்டனும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகமும் பெரிய கோப்புகளை இலவசமாகத் தருகின்றன, அதைப் பெரிய திரையில் வையுங்கள். போனில் தூரிகைத் தடம் தெரியாது, தடம் தெரியாவிட்டால் எதை முதலில் வைத்தார், எதைக் கடைசியில் வைத்தார் என்று ஊகிக்கவே முடியாது. நகலெடுப்பதே அந்த வரிசையைக் கண்டுபிடிக்கத்தானே?

முடித்த நகலில் என் கையெழுத்துப் போடலாமா? விற்கலாமா?

போடலாம், விற்கலாம், நகல் என்று சொல்லி. பின்பக்கம் "வெலாஸ்கெஸைப் பார்த்து வரைந்தது" என்று எழுதி, தேதியும் போடுங்கள். அவருடைய கையெழுத்தை மட்டும் நகலெடுக்காதீர்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நகலெடுப்பவர்களுக்கு மூல அளவிலேயே வரைய அனுமதி இல்லை, ஐந்தில் ஒரு பங்காவது சிறிதாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். வீட்டில் வரைபவர்களும் அதையே பின்பற்றினால் பிறகு யாருக்கும் சந்தேகம் வராது.