விசாரிப்பு

வணக்கம். திருமணமாகி நான்கு வருடம் ஆகிறது. எதிர்வீட்டு அம்மா லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் "விசேஷம் ஏதும் உண்டா?" என்பார். சிரித்துவிட்டுப் போய்விடுவேன். போன வாரம் கையில் மருந்துக்கடைப் பையோடு வந்தேன். பையைப் பார்த்துக்கொண்டே "எந்த டாக்டர்கிட்ட பாக்கறீங்க?" என்றார். "அது எங்க விஷயம் ஆன்ட்டி" என்றேன். சாயங்காலத்துக்குள் மாமியார் காதுக்குப் போய்விட்டது, பொண்ணு அதிகப்பிரசங்கி என்று. என்னைச் சொல்ல ஒரு வார்த்தை தயாராக இருக்கிறது. அவரைச் சொல்லத் தமிழில் ஒன்றும் இல்லையா?
வி., கோவை

அன்புள்ள வி.,

இரண்டு நாளாக உங்கள் கேள்வியோடுதான் இருக்கிறேன். சொற்கள் இல்லாமல் இல்லை. மூக்கை நுழைக்கிறார் என்கிறோம், நாட்டாமை பண்ணுகிறார் என்கிறோம். ஒருவன் உழுதுகொண்டிருக்கும் சாலுக்குக் குறுக்கே இன்னொருவன் ஏரை ஓட்டினால் அது குறுக்குசால். இரண்டு பேரின் குடுமியை அவர்களுக்கே தெரியாமல் சேர்த்துக் கட்டிவிடுவது சிண்டு முடிவது. குடுமி வைத்துக்கொள்வது அநேகமாக நின்றே போனாலும் அந்தச் சொல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, வேலை இருப்பதால்.

ஆனால் லிஃப்டில் நடந்ததற்கு இவற்றில் ஒன்றும் பொருந்தவில்லை. அதற்கு ஊர் வைத்திருக்கும் பெயர் விசாரிப்பு. அக்கறையாக நாலு வார்த்தை கேட்பதும் விசாரிப்பதுதான், போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்துக் கேட்பதும் விசாரிப்பதுதான். முதலாவதைச் சொல்லிக்கொண்டு இரண்டாவதைச் செய்ய முடிகிறது. பதில் சொல்லாதவர்தான் குற்றவாளி ஆகிறார்.

முந்திரிக்கொட்டையையும் அதிகப்பிரசங்கியையும் பாருங்கள். பழத்துக்குள் அடங்காமல் வெளியே துருத்திக்கொண்டிருப்பது முதலாவது, அளவுக்கு மீறிப் பேசுகிறவர் இரண்டாவது. வயதில் மூத்த ஒருவரை யாரும் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மருமகளுக்கும், வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளைக்கும், ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவருக்கும்தான் இவை விழுகின்றன. மேலே இருப்பவர் தலையிட்டால் பொறுப்பு, கீழே இருப்பவர் வாயைத் திறந்தால் அதிகப்பிரசங்கித்தனம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான்.

நான் எட்டாவது படித்தபோது எங்கள் தெருவின் கோடி வீட்டில் ராத்திரியானால் அடி விழும். 'புருஷன் பொண்டாட்டி விவகாரம், நமக்கெதுக்கு' என்று தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். பக்கத்து வீட்டு அத்தை மட்டும் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவார். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. "உறைக்குக் கொஞ்சம் மோர் இருக்கா?" மோரை வாங்கிக்கொண்டு திரும்ப மாட்டார். அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணையும் பக்கத்தில் உட்காரவைத்து, விலைவாசி, பிள்ளைகள் படிப்பு என்று எதையாவது பேசிக்கொண்டிருப்பார், அந்த ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகிறவரை. ஏன் அழுதாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குத் தெரு வைத்த பெயர் அதிகப்பிரசங்கி. புதுசாகக் கல்யாணமாகி வந்த பெண்களை மூன்றாம் மாதமே நிறுத்தி 'விசேஷமா' என்று கேட்ட தெருவும் அதுதான்.

நீங்கள் கேட்ட சொல் நற்றிணையில் கிடைக்கிறது, 143ஆம் பாட்டில். மகள் தன் காதலனோடு போய்விட்டாள். தாய் பேசுகிறாள். ஊர்ப் பெண்கள் கூடிக் கூடிப் பேசியதைச் சில நாள் முன்பே அவள் கேட்டிருக்கிறாள். அவர்களை 'அலர்வாய்ப் பெண்டிர்' என்கிறாள், ஊர்வம்பு பேசும் வாய் கொண்ட பெண்கள் என்று. அவர்கள் பேச்சை 'இன்னா இன்னுரை' என்கிறாள். கேட்க இனிப்பாக இருக்கும், உள்ளே போய் வலிக்கும். "விசேஷம் ஏதும் உண்டா?" என்பதை இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தாய் என்ன செய்தாள் என்பதையும் சொல்லவேண்டும். கேட்டும் கேளாதவள்போல மூச்சுவிடாமல் இருந்திருக்கிறாள். மகளிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்று: உன் கூந்தல் நன்றாக மணக்கிறது. அவள் மனதில் சந்தேகம் இருந்திருக்கும், பயமும் இருந்திருக்கும். கேள்வியாக ஒன்றையும் கேட்கவில்லை. மகள் போன பிறகும், அவளிடம் குற்றமில்லை என்றே சொல்கிறாள்.

"அது எங்க விஷயம்" என்று நீங்கள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அடுத்த தடவையும் அதையே, அதே குரலில் சொல்லுங்கள். மாமியாரிடம் மட்டும் நீங்களே ஒருநாள் உட்கார்ந்து பேசிவிடுங்கள். உங்களைப் பற்றி அவருக்குத் தெரிவதெல்லாம் எதிர்வீட்டு வழியாக வந்ததாக இருக்கவேண்டாம்.