மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்கள் எல்லாம் பழைய நாட்டார் கதைகளைக் காப்பியடித்தவைதானா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய கோபம் ஞாபகம் வந்தது.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் தூரின் கதையை ('த சில்ட்ரன் ஆஃப் ஹூரின்' நாவல்) படித்துவிட்டு இரண்டு நாள் எதிலும் மனம் ஒட்டாமல் திரிந்தேன். (முடிவைச் சொல்லப்போகிறேன். படிக்காதவர்கள் மன்னிக்கவும்.) தூரின் தெரியாமல் சொந்தத் தங்கையை மணந்துகொள்கிறான். உண்மை தெரிந்ததும் அவள் ஆற்றில் குதித்துவிடுகிறாள். அவன் தன் வாளை உருவி, "என் உயிரை எடுத்துக்கொள்வாயா?" என்று அதனிடமே கேட்கிறான். வாள் பேசுகிறது, சரி என்கிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு மனிதனுக்கு இதெல்லாம் எங்கிருந்து தோன்றும் என்று வியப்பு.

எங்கிருந்து என்பது சில மாதம் கழித்துத் தெரிந்தது. பின்லாந்தின் காவியமான 'கலேவலா'வைத் தமிழில் படித்துக்கொண்டிருந்தேன். பின்லாந்தில் வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் உதயணன் (ஆர். சிவலிங்கம்) பின்னிஷ் மொழியிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்து 1994இல் வெளியான மொழிபெயர்ப்பு அது. மதுரைத் திட்டம் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் 36ஆம் பாடலில் குல்லர்வோ என்று ஒருவன் வாளிடம் அதே கேள்வியைக் கேட்கிறான், வாள் பதில் சொல்கிறது. அவனும் அறியாமல் தங்கையோடு கூடியவன்தான். அவளும் ஆற்றில் பாய்ந்தவள்தான். டோல்கீன் என்னை ஏமாற்றிவிட்டார் என்றே அன்று தோன்றியது.

ஆக, உங்கள் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் சொல்ல என்னிடம் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் அந்தக் கோபத்தோடு இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திரும்பப் படித்தபோது கதை வேறு மாதிரி ஆகிவிட்டது.

முதலில், டோல்கீன் எதையும் ஒளிக்கவில்லை. 1914 அக்டோபரில், 22 வயதில், தனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த எடித்துக்கு எழுதிய கடிதத்திலேயே கலேவலாவின் ஒரு சோகக் கதையைத் தன் பாணியில் எழுதிப் பார்ப்பதாகச் சொல்கிறார். அந்தக் குல்லர்வோ கதையை அவர் முடிக்கவே இல்லை. 2010இல்தான் அது அச்சுக்கு வந்தது. 1951 வாக்கில் ஒரு பதிப்பாளருக்கு எழுதிய நீண்ட கடிதத்திலும், தூரினுக்குள் வட ஐரோப்பியப் பழங்கதை வீரன் சிகுர்ட், கிரேக்கத்து ஈடிபஸ், பின்லாந்துக் குல்லர்வோ மூன்று பேரும் இருக்கிறார்கள் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த மாதிரி ஆராய்ச்சி பிடித்தவர்களுக்காகச் சொல்கிறேன், பெரிய பயனில்லை என்று ஒரு சலிப்போடுதான்.

இரண்டாவது விஷயம் எனக்குப் பெரிய ஆச்சரியம். எதை நான் வேர் என்று நினைத்தேனோ, அதுவே ஒருவர் உட்கார்ந்து தைத்தது. எலியாஸ் லொண்ரொத் ஒரு மாவட்ட மருத்துவர். பின்லாந்து-ரஷ்ய எல்லையில் உள்ள கரேலியாப் பக்கத்து ஊர்களில் அலைந்து பாடகர்களிடம் பாட்டுக் கேட்டு எழுதிக்கொண்டவர். 1835இல் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார். 1849இல் அதை 50 பாடல்கள், 22,795 அடிகள் என்று பெருக்கினார். முதல் பதிப்பில் குல்லர்வோ சின்ன ஆள். இரண்டாம் பதிப்பில்தான் 31 முதல் 36 வரை ஆறு பாடல்களில் அவனுக்கு ஒரு முழு வாழ்க்கை கிடைக்கிறது. வெவ்வேறு பாடகர்கள் வெவ்வேறு பெயருள்ள ஆண்களைப் பற்றிப் பாடிய தனித்தனிப் பாட்டுகளை லொண்ரொத் ஒருவன் தலையில் ஏற்றிவிட்டார்.

தையல் வெளியிலேயே தெரிகிறது. 31ஆம் பாடலில் குல்லர்வோவின் குலம் முழுக்க வெட்டப்பட்டு, கர்ப்பிணி ஒருத்தி மட்டும் மிஞ்சுகிறாள். 34ஆம் பாடலில் பார்த்தால் அப்பா, அம்மா, தம்பி, இன்னொரு தங்கை எல்லோரும் உயிரோடு சுகமாக இருக்கிறார்கள்! அவசரத்தில் எழுதிய மெகா தொடரில்கூட இதற்கு ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். இளம் டோல்கீன் முதலில் கை வைத்ததும் இந்த இடத்தில்தான். அவர் கதையில் தகப்பன் செத்தவன் செத்தவன்தான். தங்கை இரட்டைப் பிறவியாகக் கூடவே வளர்கிறாள். வெறும் ரசிகன் இப்படிச் செய்யமாட்டான். கதை கட்டத் தெரிந்தவனின் கண் அது.

வாளுக்கே திரும்ப வருகிறேன், நான் 'காப்பி' என்று கத்திய இடம் அதுதானே. குல்லர்வோவின் வாள் சொல்வது ஒரு கசப்பான நியாயம்: குற்றமில்லாதவர்களையே தின்றிருக்கிறேன், குற்றவாளியைத் தின்ன எனக்கென்ன தடை? அதற்குத் தனியாக மனசு எதுவும் இல்லை. எல்லா வாளும் இப்படித்தான் என்பதுபோல் பேசுகிறது. தூரினின் வாளுக்கு ஞாபகம் இருக்கிறது. அதன் பழைய எஜமான் பெலெக் தூரினின் உயிர் நண்பன். இருட்டில் பகைவன் என்று எண்ணி அதே வாளால் தூரின் அவனைக் கொன்றிருக்கிறான். உன் இரத்தத்தைக் குடித்தாவது பெலெக்கின் இரத்தத்தை மறக்கிறேன் என்கிறது வாள். கேள்வி ஒன்றுதான். ஆனால் இரண்டாவது வாளின் பதில் விளங்க முந்தைய நூறு பக்கங்களையும் படித்திருக்க வேண்டும். பாட்டில் ஒரு கணமாக இருந்தது நாவலில் ஒரு கணக்குத் தீர்ப்பாகிவிடுகிறது.

இவ்வளவு சொன்னபிறகும், டோல்கீன் எல்லாவற்றையும் மேம்படுத்திவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். கலேவலாவில் என்னை விடாமல் துரத்துவது வாளைவிட ஒரு ரொட்டி. குல்லர்வோ அடிமைச் சிறுவன். கொல்லன் இல்மரினனுக்கு அவனை விற்கிறார்கள். விலை என்ன தெரியுமா? ஓட்டைப் பாத்திரங்கள், பாதி உடைந்த கொக்கிகள், தேய்ந்த அரிவாள்கள். கொல்லன் மனைவி அவனை மாடு மேய்க்க அனுப்புகிறாள். சாப்பாட்டுக்கு ஒரு ரொட்டி சுட்டுக் கொடுக்கிறாள். கீழே ஓட்ஸ் மாவு, மேலே கோதுமை மாவு, நடுவில் ஒரு கல். பசியோடு அதை அறுக்கும்போது கத்தி கல்லில் பட்டு உடைகிறது. அப்பாவின் நினைவாக அவனிடம் இருந்தது அந்தக் கத்தி ஒன்றுதான். அன்று சாயங்காலம் மாடுகளுக்குப் பதிலாகக் கரடிகளையும் ஓநாய்களையும் ஓட்டிக்கொண்டு வருகிறான். எஜமானி பால் கறக்கக் குனிகிறாள்.

வேலைக்காரப் பையனின் வயிறு எரிந்தால் என்ன ஆகும் என்பதைப் பாடியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதில் கடவுள் சாபமோ மந்திரமோ முதல் காரணமாக வரவில்லை. ஒரு கல்தான் காரணம்.

தூரினுக்கு இந்தப் பசி கிடையாது. அவன் தலைவன் வீட்டுப் பிள்ளை. அப்பா சிறைப்பட்டபின் எல்ஃப் (டோல்கீன் உலகில் மூப்பில்லாத ஓர் இனம்) அரசன் ஒருவனின் மாளிகையில் வளர்ப்பு மகனாக வளர்கிறான். அவன் வாழ்க்கை கெடுவதற்கு கதையின் பெரிய தீயசக்தியான மோர்கோத்தின் சாபமும், டிராகனின் பொய்யும், அவனுடைய கர்வமும் காரணம். தங்கை நியனோர் அவனை அடையாளம் காணாததற்கும் டிராகன் அவள் நினைவை அழித்ததே காரணம். கலேவலாவில் அதற்கு டிராகன் தேவைப்படவில்லை. வரி கட்டிவிட்டுத் திரும்பும் வழியில் குல்லர்வோ ஒரு பெண்ணைப் பனிவண்டியில் ஏற்றிக்கொள்கிறான். காலையில்தான் நீ யார் வீட்டுப் பெண் என்ற பேச்சே வருகிறது. அந்தச் சாதாரணத்தனம் எனக்கு டிராகனைவிடப் பயமாக இருக்கிறது.

மிகுபுனைவு விமர்சனத்தில் எதை எங்கிருந்து எடுத்தார்கள் என்ற பட்டியல் நிறைய வருகிறது. எடுக்காமல் விட்டது எது என்று கேட்பவர்கள் குறைவு. மாடு மேய்ப்பவனை இளவரசன் ஆக்குவது டோல்கீனோடு நிற்கவில்லை. அவருக்குப் பின் வந்த எத்தனையோ நாவல்களில் பண்ணைப் பையன் கடைசியில் ராஜவம்சமாகவே இருந்து தொலைக்கிறான்.

டோல்கீனே 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக உரையில் இந்த மாதிரி ஆராய்ச்சியைக் கிண்டல் செய்திருக்கிறார். சூப்பைக் குடியுங்கள், அது எந்த மாட்டு எலும்பில் கொதித்தது என்று தோண்டாதீர்கள் என்ற பொருளில். சொல்வது யார்? வாழ்நாள் முழுக்கப் பழைய ஏடுகளில் எலும்பு தோண்டிய பேராசிரியர். நான் தோண்டத்தான் செய்வேன்.

அப்படித் தோண்டியபோது ஒன்று அகப்பட்டது. 1914இன் முடியாத கதையில் அந்தக் கல்வைத்த ரொட்டியும் கத்தியும் இருக்கின்றன. கத்திக்கு சிக்கி என்று பெயர்கூட வைத்திருக்கிறார். தூரின் கதையில் ரொட்டி காணாமல் போகிறது, கத்தி போகவில்லை என்றே நினைக்கிறேன். தூரினின் எட்டாவது பிறந்தநாளுக்கு அப்பா ஹூரின் எல்ஃப் வேலைப்பாடுள்ள ஒரு கத்தியைப் பரிசாகக் கொடுக்கிறார். அவன் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. வீட்டில் மரவேலை செய்யும், கால் ஊனமான வேலைக்காரன் சாடோரிடம் கொடுத்துவிடுகிறான். இது நானாகப் போடும் முடிச்சுதான், டோல்கீன் எங்கும் இப்படிச் சொல்லவில்லை. ஆனால் அப்பா கொடுத்த கத்தி ஒரு வேலைக்காரன் கைக்குப் போகும் அந்தப் பக்கத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கல்லில் கத்தி உடையும் சத்தம் கேட்கிறது.

கலேவலாவை முழுதாகப் படிக்க நேரம் இல்லையென்றால் 31 முதல் 36 வரை மட்டும் படியுங்கள். தூரின் கதையை அதற்கு அப்புறம் எடுங்கள். நான் தலைகீழாகப் படித்துத்தான் வீணாகக் கோபப்பட்டேன்.