செயற்பட்டியல் போட்டும் வேலை திருந்தவில்லையா? கேள்வி பதில்

கராஜ், ஆஸ்பத்திரி வாட், பள்ளிக்கூடம், தோட்டம், கந்தோர் என்று பல இடத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. வாசிக்க முதல் ஒன்றை மனதில் வையுங்கள். வேலை செய்கிற ஒவ்வொரு தடவையும் பார்க்கவேண்டியது சரிபார்ப்புப் பட்டியல். ஒரு குறையைத் திருத்துவதற்கு ஒரு தடவை செய்து முடிக்கவேண்டியது செயற்பட்டியல். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் இரண்டுமே கெடும்.

கேள்வி (கராஜ் உரிமையாளர், சுன்னாகம்): எங்கட கராஜில திருத்திக் குடுத்த வாகனங்கள் ரெண்டு மூண்டு கிழமையில திரும்பி வருது. "கவனமாகச் செய்யவும்" எண்டு சுவரில எழுதியும் போட்டன். பட்டியலை எங்கயிருந்து தொடங்கிறது?

பதில்: அந்தச் சுவர் வசனத்தை முதலில் எடுத்துவிடுங்கள். கவனமாகச் செய்தாயிற்றா இல்லையா என்று எவராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடியாத எதுவும் பட்டியலில் நிற்கக்கூடாது.

முதல் 30 நாளுக்குப் பட்டியலே வேண்டாம், ஒரு கொப்பி போதும். திரும்பி வருகிற ஒவ்வொரு வாகனத்துக்கும் நாலு விஷயம் எழுதுங்கள்: முதலில் செய்த வேலை, செய்தவர், திரும்பி வந்தபோது இருந்த குறை, கழற்றிப் பார்த்தபோது கண்ட காரணம். பெயர் எழுதுவது ஏசுவதற்கு இல்லை என்று பெடியளுக்கு முதல் நாளே சொல்லுங்கள். ஒருதரம் ஏசினால் அடுத்த கிழமை ஒருவரும் உண்மையை எழுதமாட்டார்கள்.

மாதம் முடிய, அடிக்கடி வந்த இரண்டு காரணங்களை மட்டும் எடுங்கள். ஒயில் ஒழுக்கு என்று வைத்துக்கொள்வோம். கழற்றிய ஒயில் பில்டரின் றபர் வளையம் சிலவேளை எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைக் காணாமல் புதிய பில்டரை முறுக்கினால் வளையத்துக்கு மேல் வளையம் இருக்கும். ஓடும்போது அழுத்தத்தில் அது பிதுங்கி ஒயில் கொட்டும், எஞ்சினே பழுதாகலாம். இதற்கான வரி: "கழற்றிய பில்டரை, வளையம் அதிலேயே இருக்கிறதைக் காட்டித் தட்டில் வைத்த பிறகுதான் புதியது பூட்டுவது." மற்றது சில்லு நட்டு என்றால், டோர்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் சாவி) ஒன்று வாங்குவது செயற்பட்டியலுக்குரியது: யார் வாங்குவது, எந்தத் திகதிக்குள். ஒவ்வொரு சில்லும் பூட்டியபின் வாகனக் கையேட்டில் உள்ள அளவுக்கு அதை வைத்து இறுக்குவது சரிபார்ப்புப் பட்டியலுக்குரியது. பல சின்னக் கார்களுக்கு அது 100 நியூட்டன் மீற்றர் அளவில் வரும். அடுத்த மாதமும் அதே கொப்பியில் எண்ணுங்கள். எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் காரணத்தைப் பிழையாகப் பிடித்திருக்கிறீர்கள்.

கேள்வி (கட்டிட ஒப்பந்தகாரர், கொக்குவில்): என்னட்ட இருக்கிற மேசன் 25 வருச அனுபவக்காரர். தாளை நீட்டினால் தன்னை நம்பேல்லை எண்டு கோவிக்கிறார். அவருக்கும் பட்டியல் தேவையோ?

பதில்: அனுபவம் உள்ளவருக்குத்தான் இது முதலில் தேவைப்பட்டது. 1935 ஒக்ரோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் பீல்டில் போயிங் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் ஏறிய கையோடு விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் அங்கே பறப்புச் சோதனைக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரி. நிலத்தில் நிற்கும்போது வால்பகுதிக் கட்டுப்பாடுகளைப் பூட்டி வைக்கிற பூட்டு எடுபடாமல் இருந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் விமானிகளுக்குச் சரிபார்ப்புப் பட்டியல் வந்தது. பழகிய கை வேகமாக ஓடும்போதுதான் இடையில் ஒன்று விடுபடும்.

மேசன் ஐயாவிடம் தாளை நீட்டாதீர்கள். "சிலாப் போடமுன் எதெது பார்க்கவேணும் என்று நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்" என்று கேளுங்கள். தான் சொன்ன பட்டியலை அவர் தள்ளமாட்டார். அதில் இவை வருகின்றனவா என்று பாருங்கள்: கம்பிக்குக் கீழே 20 முதல் 25 மில்லிமீற்றர் இடைவெளி விட கவர் புளொக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) வைத்தாயிற்று, முட்டுகள் அசையவில்லை, மின்சாரக் குழாய், பெட்டிகள் கம்பியோடு கட்டியாயிற்று, கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரை ஓடவிட்டுப் பார்த்தாயிற்று, தண்ணீர் அளக்க வாளி இருக்கிறது. வாளி வரியை விடவே கூடாது. 50 கிலோ சீமெந்துப் பைக்கு, சீமெந்தின் நிறைக்குத் தண்ணீரின் நிறை விகிதம் 0.5 என்றால் 25 லீற்றர், ஈர மணலில் உள்ள தண்ணீரும் அதற்குள் அடக்கம். மத்தியான வெயிலில் கலவை இறுக, குழாயைப் பிடித்து இன்னும் கொஞ்சம் விடுவார்கள். சிலாப் பலம் இழக்கிற இடம் அதுதான். கரையோரம், தீவுப்பக்கம் என்றால் இன்னொரு வரி: உவர்க் கிணற்றுத் தண்ணீரைக் கலவைக்கு எடுப்பதில்லை. உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். சில வருடத்தில் கொங்கிறீற் வெடித்து உதிரும். போட்ட பிறகு குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைத்திருப்பதற்கு ஆளின் பெயரும் எழுதவேணும்.

கேள்வி (தாதி, யாழ்ப்பாணம்): எங்கட வாட்டில எல்லாப் படிவத்திலயும் எல்லாப் பெட்டிக்கும் சரி போடுறம். ஆனா பிழையள் குறையேல்லை. ஏன்?

பதில்: அக்கா, மருத்துவத் துறையே இந்தக் கேள்வியில் நின்று யோசித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 விடயங்கள் உண்டு. மயக்க மருந்து கொடுக்கமுன், தோலை வெட்டமுன், நோயாளி கூடத்தை விட்டுப் போகமுன் என்று மூன்று இடத்தில் எல்லோரும் வேலையை நிறுத்தி அதை வாசிக்கவேண்டும். எட்டு நகரங்களில் செய்த ஆய்வு 2009 இல் வந்தது: மரணம் 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகவும், சிக்கல்கள் 11 இலிருந்து 7 வீதமாகவும் இறங்கின. பிறகு கனடாவின் ஒன்ராறியோவில் இப்படியான பட்டியலைப் பாவிக்கத் தொடங்கிய 101 ஆஸ்பத்திரிகளில் பார்த்தபோது, 2014 இல் வந்த முடிவில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. தாள் ஏறக்குறைய ஒன்றுதான். அது எப்படிப் பாவிக்கப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே மூன்று மாற்றம் செய்து பாருங்கள். ஒன்று, ஒருவர் சத்தமாகக் கேட்க, மற்றவர் பொருளைப் பார்த்துப் பதில் சொல்லவேணும். வேலை முடிந்தபின் கடைசியில் உட்கார்ந்து சரி போடுவதை நிறுத்துங்கள். இரண்டு, பட்டியல் கேட்கிற பொருட்கள் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கவேணும். அமெரிக்காவில் பெரிய நாளத்தில் குழாய் ஏற்றும்போது வரும் தொற்றைக் குறைக்க ஐந்தே படிகள் வைத்தார்கள்: கை கழுவுதல், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைச் சுத்தம் செய்தல், முழு மறைப்பும் அங்கியும், தொடை நாளத்தைத் தவிர்த்தல், தேவையில்லாத குழாயை எடுத்துவிடுதல். தேவையான எல்லாவற்றையும் ஒரே வண்டிலில் அடுக்கி வைத்தார்கள். அந்த வண்டில்தான் செயற்பட்டியலில் வரவேண்டிய வரி. மூன்று, படி தவறினால் தாதி வேலையை நிறுத்தலாம் என்ற அதிகாரம். அங்கே அதைக் கொடுத்தார்கள். மிச்சிகனில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைச் செய்ய, மூன்று மாதத்துக்குள் இடைநிலைத் தொற்று அளவு (பிரிவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 1000 குழாய் நாளுக்கு (ஒரு நோயாளியில் குழாய் ஒரு நாள் இருந்தால் ஒரு குழாய் நாள்) 2.7 இலிருந்து பூச்சியமானது. இந்த அதிகாரத்தை உங்கள் வைத்திய நிபுணர் எல்லார் முன்னிலையிலும் வாயால் சொல்லவேணும். அது இல்லாமல் முதலிரண்டும் நிலைக்காது.

கேள்வி (ஆசிரியர், பருத்தித்துறை): பாடசாலை மேம்பாட்டுத் திட்டத்தில் "சாதாரண தர கணித அடைவை உயர்த்தல்" என்று ஒவ்வொரு வருடமும் எழுதுகிறோம். அதை எப்படிச் செயலாக்குவது?

பதில்: அது விருப்பம், செயல் இல்லை. கடைசித் தவணை வினாத்தாளை எடுத்து, ஒவ்வொரு வினாவுக்கும் எத்தனை பிள்ளைகள் சரியாகச் செய்தார்கள் என்று எண்ணுங்கள். 40 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு ஒரு பின்னேரம் போதும். பெரும்பாலும் நாலைந்து வினாக்களில்தான் பாதிப்பேர் விழுந்திருப்பார்கள். பிறகு விடைத்தாளில் எந்தப் படியில் விழுந்தார்கள் என்று பாருங்கள். காரணியாக்கத்தில் விழுந்த பிள்ளைக்குப் பல தடவை சக, சய அடையாளம் (+, −) மாறுவதுதான் சிக்கலாக இருக்கும், சூத்திரம் தெரிந்திருக்கும். அப்போது வரி இப்படி வரும்: "10 ஆம் வகுப்பு, செவ்வாய் முதற்பாடத்தில் 20 நிமிடம் மறை எண் பயிற்சி, மூன்று கிழமை, பொறுப்பு கணித ஆசிரியர், முடிவில் 10 வினாப் பரீட்சை." எட்டுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு மட்டும் தொடருங்கள். எல்லாருக்கும் மேலதிக வகுப்பு வைப்பது ஆசிரியரையும் களைக்கவைக்கும், தெரிந்த பிள்ளையையும் சலிக்கவைக்கும்.

கேள்வி (கந்தோர் உத்தியோகத்தர், சாவகச்சேரி): கூட்ட அறிக்கையில் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று போன வருசம் எழுதினது இப்பவும் கிடக்குது.

பதில்: யார் எடுப்பது என்று அந்த வசனத்தில் இல்லை, அதனால்தான் கிடக்கிறது. நாலு நிரல் போடுங்கள்: செயல், ஒரே ஒரு பெயர், திகதி, முடிந்ததற்குச் சான்று. "கிளை உத்தியோகத்தர்கள்" என்று எழுதினால் அது ஒருவருடைய வேலையும் ஆகாது. அடுத்த கூட்டம் புதிய விஷயத்தில் தொடங்கக்கூடாது, பழைய வரிகளில் தொடங்கவேணும். மூன்று கூட்டம் தாண்டியும் நிற்கிற வரிக்கு மூன்று வழிதான் உண்டு: சின்னதாக உடைப்பது, அதிகாரம் உள்ளவரிடம் எழுத்தில் கொடுப்பது, அல்லது காரணம் எழுதி வெட்டுவது. வெட்டுவதற்குத் தயங்காதீர்கள். செத்த வரிகள் நிற்கும் பட்டியலை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

கேள்வி (வெங்காயச் செய்கை, உரும்பிராய்): உரம் கூடப் போட்டால் கிணத்துக்குப் போகுது எண்டு சொல்லினம். குறைச்சால் விளைச்சல் விழுமோ எண்டு பயமாக் கிடக்கு. என்ன செய்யலாம்?

பதில்: பயம் நியாயமானது. ஆகவே முழுத் தோட்டத்திலும் மாற்றாதீர்கள் அண்ணை. எங்கள் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். உரத்திலிருந்து கரைந்த நைத்திரேற்று இறைத்த தண்ணீரோடு கெதியாய்க் கீழே இறங்கிவிடும். குடிதண்ணீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இந்தப் போகத்துக்கு நாலு வரி போதும். நடமுன் மண் பரிசோதனை. அரைப் பரப்புக் காணியைக் கயிறு கட்டிப் பிரித்து, அங்கே மட்டும் விவசாயப் போதனாசிரியர் சொல்லும் அளவு யூரியாவைப் பல தவணையாகப் பிரித்துப் போடுவது. உரம் போட்ட அன்று வேரளவுக்கு ஈரம் பிடிக்க மட்டும் இறைப்பது. அறுவடையில் அந்த அரைப் பரப்பையும் பக்கத்து அரைப் பரப்பையும் தனித்தனியாக நிறுப்பது. விதை வெங்காயம் இரண்டிலும் ஒரே இடத்தில் வாங்கியதாக இருக்கவேணும், இல்லாவிட்டால் நிறை வித்தியாசம் உரத்தாலா விதையாலா என்று தெரியாது.

கேள்வி (பெயர் தரவில்லை): போனில் வைக்கலாமா, கடதாசிதான் நல்லதா?

பதில்: வேலை நடக்கிற இடத்தில் தொங்குவதுதான் நல்லது. வட்ஸ்அப் குழுவில் போட்டால் பின்னேரத்துக்குள் மேலே போய் மறைந்துவிடும். முடிந்ததற்குச் சான்றாகப் படம் அனுப்ப மட்டும் போனைப் பாவியுங்கள்.

கேள்வி (கடற்றொழிலாளி, குருநகர்): கடலுக்குப் போகமுன் பார்க்கிறதுக்குச் சின்னப் பட்டியல் ஒண்டு சொல்லுங்கோ.

பதில்: எரிபொருள் குழாயில் வெடிப்பில்லை, இணைப்பு இறுக்கம். எரிபொருள் வடிகட்டியில் தண்ணீர் தேங்கவில்லை. மாற்றுப் பிளக்கும் அதைக் கழற்றும் சாவியும் படகில் உண்டு. ஆளுக்கொரு பாதுகாப்பு அங்கி. எஞ்சினை நிற்பாட்டும் கயிறு ஓட்டுபவரின் கையில் மாட்டியாயிற்று. போன் தண்ணீர் புகாத உறையில். கரையில் நிற்கிற ஒருவருக்குத் திசையும் திரும்புகிற நேரமும் சொல்லியாயிற்று. எஞ்சினைத் தட்டியதும் பின்னாலிருந்து குளிராக்கும் தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். பீச்சாவிட்டால் உடனே நிற்பாட்டவேணும். திரும்பி வந்தபின் நல்ல தண்ணீர் விட்டு எஞ்சினைக் கழுவ மறந்தால் உப்பு படிந்து அந்த வழி அடைக்கும். ஆகவே அதைக் கரையேறும்போது பார்க்கிற இன்னொரு தாளில் எழுதி, எஞ்சின் கொட்டிலில் ஒட்டுங்கள்.