பர்சுக்குள் ஒரு அட்டை

கேள்வி: உடல் உறுப்பு தானம் செய்தவருக்கு அரசு மரியாதையே தருகிறார்கள். ஆனாலும் எங்கள் ஊரில் பேச்செடுத்தாலே முகம் சுளிக்கிறார்கள். கடலில் போனவன் உடல் முழுதாகக் கரை சேர வேண்டுமே என்று நாள்கணக்கில் காத்திருக்கும் சனம், முழுதாக இருக்கிற உடலை வெட்டக் கொடுக்குமா? நான் மட்டும் உறுப்பு தான அட்டையில் கையெழுத்துப் போட்டு பர்சில் வைத்திருக்கிறேன். இவர்களை எப்படித் திருத்துவது?
- ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: ஊர் இருக்கட்டும். அந்த அட்டை உங்கள் மனைவிக்குத் தெரியுமா? கடிதத்தில் வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, அதனால் கேட்கிறேன்.

உங்கள் கையெழுத்தை மட்டும் நம்பி யாரும் கத்தியை எடுக்க மாட்டார்கள். குடும்பம் சம்மதிக்க வேண்டும். மதுரையில் ஏதோ ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், போட்டது போட்டபடி ஓடிவந்து நிற்கும் மனைவியிடம் படிவத்தை நீட்டும்போதுதான் உங்கள் பெருந்தன்மை அவருக்குத் தெரிய வேண்டுமா? நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது. உயிர் இல்லை என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்? அதை மூடநம்பிக்கை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

நெஞ்சு எழுவது வென்டிலேட்டர் அடிக்கும் காற்றால் என்பதை இப்போதே சொல்லி வையுங்கள். மூளை மீளமுடியாமல் செயலிழந்துபோவதுதான் மூளைச்சாவு. அதுவும் கோமாவும் ஒன்றல்ல. மூளைச்சாவு அடைந்தவர் திரும்புவதில்லை. 4 மருத்துவர்கள், 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்று தர வேண்டும். உறுப்பு பொருத்தும் குழுவினர் அதில் இருக்கக் கூடாது என்பது விதி. அரசு மரியாதை 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் மாலைக்காக எந்தத் தாயும் தலையாட்ட மாட்டாள்.

கடலை இதில் இழுக்காதீர்கள். கரையில் காத்திருப்பவர்கள் கேட்பது ஒருமுறை முகம் பார்க்க. அந்த முகத்தை இங்கே யாரும் பறிப்பதில்லை.

என் அத்தை மண்டபத்தில் வீட்டிலேயே இறந்தார். நம்மில் பலர் அப்படித்தான் போவோம். வீட்டில் இறந்தவரின் சிறுநீரகமும் கல்லீரலும் யாருக்கும் உதவாது. கண்ணைக் கொடுக்கலாம், அதுவும் 6 மணி நேரத்துக்குள். வெற்றிலை இடித்துக்கொண்டே பத்து வருடமாக அத்தை இதைச் சொல்லி வந்ததால் மருமகள் தடுமாறவில்லை. மின்விசிறியை நிறுத்தினார். இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்தார். தலைக்கு இரண்டு தலையணை. கண்ணை எடுக்க வந்தவர்கள் அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். "கண்ணைக் கொடுத்துவிட்டுப் போனால் அங்கே வழி எப்படித் தெரியும்?" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி, கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "தூங்குகிற மாதிரிதானே இருக்கிறாள்" என்று சொல்லி, நழுவியிருந்த பூச்சரத்தைச் சரிசெய்தார்.

இன்று இரவு சாப்பிட உட்காரும்போது பர்சிலிருந்து அட்டையை எடுத்து மனைவி முன்னால் வையுங்கள். "சோற்றுக்கு முன்னால் என்ன பேச்சு இது" என்று அதட்டுவார். அதட்டட்டும். நாளைக்கும் எடுத்து வையுங்கள்.