சின்னப் பள்ளிக்கூடத்தின் பெறுபேற்றை எப்படிப் பார்ப்பது?

வேலணையில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் மொத்தம் எண்பது பிள்ளைகள். போன முறை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையை ஆறு பேர் எழுதி ஒருவரும் வெட்டுப்புள்ளி எடுக்கவில்லை. பிள்ளையை யாழ்ப்பாண ரவுணுக்கு மாற்றச் சொல்லி வீட்டில் நெருக்குகிறார்கள். கனடாவில் இருக்கும் பழைய மாணவர்கள் ஸ்மார்ட் பலகை வாங்கித்தர நிற்கிறார்கள். 'இந்தப் பள்ளிக்கூடம் நல்லதா கெட்டதா என்று நான் எதை வைத்து முடிவெடுப்பது?' என்று கேட்கிறார்.

முதலில் அந்த ஆறு பேரைப் பார்ப்போம். ஆறு பேரில் ஒருவர் சித்தியடைந்திருந்தால் சித்தி வீதம் 17 ஆகியிருக்கும், இரண்டு பேர் என்றால் 33. அதே ஆசிரியர், அதே வகுப்பறை, ஒரேயொரு கெட்டிக்காரப் பிள்ளை கூடக் குறைய இருந்தால் கணக்கு இப்படித் தலைகீழாகும். இருநூறு பேர் எழுதும் ரவுண் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அரை வீதத்தைத்தான் அசைக்கும். ஆகவே ஒரு வருடப் பெறுபேற்றை வைத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தைத் தீர்மானிப்பது அநியாயம். நாலைந்து வருடத்தைச் சேர்த்துக் கேளுங்கள். வெட்டுப்புள்ளியை மட்டும் கேட்காமல், 200க்கு 70 புள்ளிக்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். வெட்டுப்புள்ளி ரவுண் பள்ளிக்கூடத்து அனுமதிக்கும் உதவிப்பணத்துக்குமான கோடு. பிள்ளைகள் அடிப்படையைப் பிடித்திருக்கிறார்களா என்பதை எழுபதுக்குக் கீழே நிற்பவர்களின் தொகைதான் காட்டும்.

சாதாரண தரப் பெறுபேற்றில் இன்னொரு சிக்கல். ஐந்தாம் வகுப்பில் நல்லாச் செய்த பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு யாழ் இந்து, வேம்படி என்று ரவுணின் பெரிய பள்ளிக்கூடங்களுக்குப் போய்விடுகிறார்கள். வசதி உள்ள குடும்பமும் கூடவே ரவுணுக்கு இடம்பெயர்கிறது. பதினோராம் வகுப்பில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எழுதுபவர்கள் மிஞ்சியவர்கள். அவர்களைப் பெரிய பாடசாலையோடு ஒப்பிட்டு 'இங்கே படிப்பிக்கிறதில்லை' என்று சொல்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் சாதாரண தரம் வரை வந்தார்கள், இடையில் நின்றவர்கள் யார், கணிதத்திலும் தமிழிலும் சித்தி எத்தனை என்று கேட்டால் பள்ளிக்கூடத்தின் உழைப்பு தெரியும்.

சரி, வளம். இதில்தான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள். எண்பது பிள்ளைக்குப் பத்து ஆசிரியர் என்றால் எட்டுப் பிள்ளைக்கு ஒருவர். கடதாசியில் இதைவிடச் சிறப்பு வேறில்லை. ஆனால் அந்தப் பத்துப் பேரில் கணிதத்துக்கு ஆள் இருக்கிறாரா? ஆங்கிலத்துக்கு? பத்துப் பெயரில் ஒன்றிரண்டு வேறு பாடசாலைக்கு 'தற்காலிக இணைப்பில்' போயிருக்கலாம். பெயர் இங்கே, ஆள் அங்கே. ஆளணி நிரம்பியதாகவே பதிவில் இருப்பதால் வலயக் கல்விப் பணிமனை புதிதாக ஒருவரை அனுப்பாது. வேலணையும் சேர்ந்த யாழ்ப்பாணத்துத் தீவுகளில், அதாவது தீவகத்தில், இந்தக் கதை புதிதில்லை. தினமும் பஸ்ஸிலும், நெடுந்தீவு, நயினாதீவு என்றால் குறிகட்டுவானில் படகேறியும் வந்துபோகும் ஆசிரியர், கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்பது இயல்பு. அவர்களைக் குறைசொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. தங்கி நிற்க ஒழுங்கான விடுதி இருந்தால் சிலராவது நிற்பார்கள்.

எனவே அதிபரிடம் போய் 'எத்தனை ஆசிரியர்?' என்று கேட்காதீர்கள். நேரசூசியைப் பார்க்கக் கேளுங்கள். ஒரு கிழமையில் எந்த வகுப்புக்கு எந்தப் பாடவேளை ஆசிரியர் இல்லாமல் போகிறது என்று பாருங்கள். இரண்டு வகுப்பை ஒருவரே சேர்த்துப் படிப்பிக்கிறாரா என்றும் கேளுங்கள். பல்தர வகுப்பு என்றாலே கூடாது என்றில்லை. அதற்குப் பயிற்சி பெற்றவர் நன்றாகச் செய்வார். பயிற்சியில்லாதவர் ஒரு பக்கத்தைப் பார்க்க மற்றப் பக்கம் சும்மா இருக்கும்.

நீங்கள் பெற்றோர் என்பதால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் ஏற்கனவே அங்கத்தவர். அதிபரைத் தலைவராகக் கொண்ட அந்தச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் வரவு செலவையும், கற்றல் கற்பித்தல் பொருள் வாங்க அரசு தரும் தர உள்ளீட்டு நிதியையும் பற்றிக் கேட்கலாம். பெரும்பாலும் பிள்ளைகளின் தொகையைப் பார்த்தே இந்த நிதி கணக்கிடப்படுகிறது. ஆகவே சின்னப் பள்ளிக்கூடத்துக்குக் கிடைப்பது சொற்பமே. ஆசிரியர் வெற்றிடம் பற்றிப் பதில் வராவிட்டால் கோட்டக் கல்விப் பணிப்பாளர், பிறகு தீவக வலயக் கல்விப் பணிமனை. வாயால் சொல்வதைவிட எழுத்தில் கொடுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தகவல் அலுவலரிடம் கேட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். 'அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, இப்போது நேரில் கடமையில் இருப்பவர் எத்தனை, இணைப்பில் போனவர் எத்தனை' என்று மூன்று கேள்வியும் ஒரே கடிதத்தில் போதும்.

மகள் விடயத்தில் என் எண்ணத்தைச் சொல்கிறேன். ஆரம்பப் பிரிவில் பெரும்பாலும் ஒரே வகுப்பாசிரியர். அவர் ஒழுங்காக வந்து, பிள்ளையை அறிந்து படிப்பித்தால் பதினைந்து பிள்ளை உள்ள வகுப்பு ரவுணில் நாற்பது பேரோடு நெரிபடும் வகுப்பைவிட நல்லது. விடியவே எழுந்து, தீவையும் ரவுணையும் இணைக்கும் பண்ணைப் பாலம் தாண்டிப் போய்வரும் ஒன்பது வயதுப் பிள்ளை பின்னேரம் களைத்துப்போகும். அதற்குப் பிறகு ரியூசன் வேறு. நான்காம் வகுப்பு முடியும்போது வரவேண்டிய அத்தியாவசிய கற்றல் தேர்ச்சிகள் என்று ஒரு பட்டியல் வகுப்பாசிரியரிடம் இருக்கும். அதில் மகள் எதையெல்லாம் எட்டியிருக்கிறா என்று அவரோடு இருந்து பாருங்கள். பெரும்பாலானவை வந்திருந்தால் ஐந்தாம் வகுப்பு வரை அங்கேயே விடுங்கள். வராமல், வகுப்பாசிரியரும் மாதக்கணக்கில் இல்லாமல் இருந்தால் மாற்றுவதில் தவறில்லை. ஆறாம் வகுப்புக்கு வேறு கணக்கு: கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா என்பதைப் பார்த்து அப்போது முடிவெடுங்கள்.

கனடாக்காரரின் அன்புக்கு மதிப்புக் கொடுங்கள், ஆனால் ஸ்மார்ட் பலகை வேண்டாம் என்று சொல்லுங்கள். பழுதானால் திருத்த ஆளில்லாத இடத்தில் அது சீக்கிரமே மூலையில் போய் நிற்கும். ஆசிரியர் விடுதியின் கூரை, கிணறு, மலசலகூடம் திருத்தித் தரச் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் ஆரம்பப் பிரிவுக்குத் தமிழ்க் கதைப் புத்தகங்கள் வாங்கலாம். ஆங்கில ஆசிரியர் வரும்வரை ஊரில் படித்த பிள்ளை ஒருவரை வைத்துக் கொடுப்பனவு கொடுப்பதென்றால், அதிபர் வழியாக வலயத்தின் அனுமதி எடுத்தபிறகே தொடங்குங்கள். எதுவானாலும் பணம் தனியாளின் கணக்குக்கு வரக்கூடாது, அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே வரவேண்டும். பற்றுச்சீட்டின் பிரதியை அனுப்பியவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள்.