பச்சையாக 'கனெக்டட்' என்கிறது, ரெப்போவை மட்டும் காணோம்

கேள்வி: எங்கள் ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) அமைப்பு முழுவதையும் டெராஃபார்மில் (கிளவுட் அமைப்பைக் கோப்புகளாக எழுதும் கருவி) எழுதி, கிட்ஹப்பில் ப்ரைவேட் ரெப்போவாக (அனுமதி உள்ளவர் மட்டும் பார்க்கும் கோப்புத் தொகுப்பு) வைத்திருக்கிறோம். அதில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு கிளவுட் ஸ்கேனருக்குச் சந்தா கட்டி இணைத்தோம். 'கனெக்டட்' என்று பச்சையாகக் காட்டுகிறது. ஆனால் டெராஃபார்ம் ரெப்போ பட்டியலில் வரவில்லை. பெயரைக் கையால் கொடுத்தால் '404 நாட் ஃபவுண்ட்'. இணைத்துக் கொடுத்த ஆலோசகர், "ஆர்கனைசேஷன் ஓனர் உரிமையும், எல்லாப் பெட்டியிலும் டிக் போட்ட ஒரு டோக்கனும் கொடுங்கள், இன்றைக்கே முடித்துவிடுகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். டோக்கன் என்பது கடவுச்சொல்லுக்குப் பதிலாக நீட்டும் சாவி. உங்கள் சிக்கலுக்கு இரண்டுமே தேவையில்லை.

அந்த 404-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ரெப்போ பத்திரமாகத்தான் இருக்கிறது. அனுமதி இல்லாதவர் ப்ரைவேட் ரெப்போவைக் கேட்டால் 'உனக்கு அனுமதி இல்லை' என்று கிட்ஹப் சொல்லாது. சொன்னால், அந்தப் பெயரில் ரெப்போ இருப்பதே வெளியே தெரிந்துவிடுமே! அதனால் 'அப்படி ஒன்று கிடையாது' என்று சாதிக்கும். பச்சை விளக்கும் அப்படித்தான்: வாசலில் வாட்ச்மேன் உள்ளே விட்டுவிட்டார் என்பதற்கு மட்டுமே அது சாட்சி, எந்த அறைக்குச் சாவி கிடைத்தது என்பதை அது சொல்லாது. இதைத் தெளிவாக ஒரு வரி எழுதிவைக்க ஸ்கேனர் விற்பவர்களுக்கு ஏன்தான் மனம் வருவதில்லையோ. புகார் கொடுத்தால் 'அன்இன்ஸ்டால் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று பதில் வரும். அதே தவறு இரண்டாம் முறையும் நடக்கும்.

செய்ய வேண்டியது இது. உங்கள் நிறுவனத்திலேயே ஓனர் உரிமை உள்ளவர் ஒருவர் இருப்பார். அவரை ஆர்கனைசேஷன் செட்டிங்ஸுக்குள் போகச் சொல்லுங்கள். 'தேர்ட்-பார்ட்டி ஆக்சஸ்' பகுதியில் 'கிட்ஹப் ஆப்ஸ்' (கிட்ஹப்போடு இணைத்த வெளிச் செயலிகள்) இருக்கும். அதில் ஸ்கேனரின் பெயருக்கு எதிரே 'கான்ஃபிகர்' அழுத்தினால் 'ரெபாசிட்டரி ஆக்சஸ்' தெரியும். 'ஒன்லி செலக்ட் ரெபாசிட்டரீஸ்' தேர்வாகியிருந்து, கீழே உள்ள பட்டியலில் உங்கள் டெராஃபார்ம் ரெப்போ இல்லையென்றால், சேர்த்து சேவ் செய்தால் போதும். பெரும்பாலும் கதை இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையென்றால் அதே பக்கத்தில், ஆப் கூடுதல் அனுமதி கேட்டுக் காத்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனர் நிறுவனம் தன் ஆப்பை மாற்றிப் புதிய அனுமதி கேட்கும்போது, ஓனர் ஒப்புக்கொள்ளும்வரை பழைய அனுமதியிலேயே அது ஓடும். அந்தக் கோரிக்கை மின்னஞ்சல், யாரும் திறக்காத பெட்டியில் மாதக்கணக்கில் கிடக்கும்.

இப்போது அந்த டோக்கன். 'கிளாசிக்' என்னும் பழைய வகை டோக்கனில் ப்ரைவேட் ரெப்போவைப் படிக்க மட்டும் என்று அனுமதி கொடுக்க வழியே கிடையாது. 'ரெப்போ' பெட்டியை டிக் செய்தால், டோக்கன் எடுத்தவருக்கு எட்டும் எல்லா ரெப்போவிலும் படிக்கவும் எழுதவும் அனுமதி போய்விடும். ஆப் வழியாக இணைத்தால் அது பயன்படுத்தும் டோக்கன் ஒரு மணி நேரத்தில் தானே காலாவதியாகும். ஆலோசகரின் கணக்கில் எடுத்த டோக்கனோ, அவர் கணக்கை நீங்கள் நீக்கும் நாளில் செத்துப்போகும், ஸ்கேனரும் கூடவே நின்றுவிடும். அப்புறம் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வீர்கள்? 2022 ஏப்ரலில் ஹெரோக்கு, ட்ராவிஸ்-சிஐ என்னும் இரண்டு வெளிச் சேவைகளுக்கு வழங்கப்பட்ட டோக்கன்களைத் திருடி, பல நிறுவனங்களின் ப்ரைவேட் ரெப்போக்களை அள்ளிக்கொண்டு போனார்கள். வாட்ஸ்அப்பில் டோக்கன் கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

'எழுதும் அனுமதி எதற்கும் கொடுக்காதே' என்பது என் வழக்கமான பாட்டு. அதற்கு ஒரு விலக்கு உண்டு. புல் ரெக்வஸ்டுக்கு (ஒரு மாற்றத்தை ரெப்போவில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அடியிலேயே 'இந்த வரியில் பிழை' என்று ஸ்கேனர் கமென்ட் போட வேண்டுமானால், புல் ரெக்வஸ்ட் மீது எழுதும் அனுமதி அதற்கு வேண்டும். பச்சை டிக்கோ சிவப்புப் பெருக்கலோ காட்ட 'செக்ஸ்' (checks, தானியங்கிச் சோதனை முடிவுகள்) மீதும் வேண்டும். இவை உங்கள் கோப்புகளைத் தொடுவதில்லை, தாராளமாகக் கொடுங்கள். 'கான்டென்ட்ஸ்' (ரெப்போவில் உள்ள கோப்புகள்) மீது எழுதும் அனுமதி வேறு விஷயம். ஸ்கேனரே பிழையைத் திருத்தி புல் ரெக்வஸ்ட் அனுப்பும் வசதிக்குத்தான் அது தேவை. அந்த வசதி வேண்டாமென்றால் 'கான்டென்ட்ஸ்' படிக்க மட்டும் இருந்தால் போதும். சில ஆப்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கேட்கும். படிப்பதற்கு மட்டுமான பதிப்பு உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள். உண்டென்றால் அதையே வாங்குங்கள்.

ரெப்போ பட்டியலில் வந்ததும் 'பிழை எதுவும் இல்லை' என்று வந்தால் கொண்டாடிவிடாதீர்கள். டெராஃபார்ம் மாட்யூல்கள் (திரும்பத் திரும்ப அழைத்துப் பயன்படுத்தும் துண்டுகள்) வேறொரு ப்ரைவேட் ரெப்போவில் இருந்து, அதற்கு ஆப்புக்கு அனுமதி இல்லையென்றால், பல ஸ்கேனர்கள் மாட்யூலை அழைக்கும் வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். திறந்தே பார்க்காத கோப்பில் பிழை எப்படித் தெரியும்? மாட்யூல் ரெப்போவையும் பட்டியலில் சேருங்கள். பிறகு சோதித்துப் பார்க்க, முதன்மைப் பதிப்பைத் தொடாத தனி பிராஞ்சில், செக்யூரிட்டி குரூப் (ஏடபிள்யூஎஸ்ஸின் தடுப்புச் சுவர்) ஒன்றில் சர்வருக்குள் நுழையும் 22-ஆம் போர்ட்டை 0.0.0.0/0-க்கு, அதாவது உலகம் முழுவதற்கும், திறந்து எழுதி, ஒரு புல் ரெக்வஸ்ட் போடுங்கள். ஸ்கேனர் கத்த வேண்டும். கத்தினாலும் கத்தாவிட்டாலும் அதை மெர்ஜ் செய்யாமல் (முதன்மைப் பதிப்பில் சேர்க்காமல்) மூடிவிடுங்கள்.

ஏற்கெனவே டோக்கன் கொடுத்துவிட்டீர்கள் என்றால், எந்தக் கணக்கில் எடுத்ததோ அதன் 'டெவலப்பர் செட்டிங்ஸில்' போய் இன்றே அழியுங்கள். அழித்ததும் ஸ்கேனர் நின்றுபோனால், இவ்வளவு நாளும் ஆப் வழியாக எதுவுமே நடக்கவில்லை, அந்த டோக்கனில்தான் ஓடியிருக்கிறது. ஆப்பை உங்கள் ஓனரே புதிதாக நிறுவட்டும்.